மூன்று கேமராக்களும் ஒரு முகமும்

1952 செப்டம்பர் 30. நியூயார்க் நகரின் பிராட்வே தியேட்டரில் அன்று இரவு ஒரு புதுப் படம் திரையிடப்பட்டது. பெயர் 'திஸ் இஸ் சினெராமா'. விளக்கணைந்ததும் வந்தது என்னவோ வழக்கமான சின்னச் சதுரத்துக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். லோவல் தாமஸ் என்ற புகழ்பெற்ற செய்தியாளர் தோன்றி, குகை ஓவியத்தில் ஆரம்பித்து சினிமா வரை, அசைவைப் படமாக்க மனிதன் பட்ட பாட்டையெல்லாம் நிதானமாகப் பாடம் நடத்தினார். கடைசியில் அவர் படத்தின் பெயரைச் சொன்னதும் திரைச்சீலை இரண்டு பக்கமும் விலக ஆரம்பித்தது. விலகியது, விலகிக்கொண்டே போனது...

அரங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வளைந்து நின்ற திரையில், முழு வண்ணத்தில், ஒரு ரோலர் கோஸ்டர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் ராக்கவே கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காவில் எடுத்த காட்சி. கேமராவை வண்டியின் முன்பக்கத்திலேயே பொருத்தியிருந்தார்கள். உச்சியைத் தொட்டு அது தலைகுப்புறச் சரிந்தபோது அரங்கமே அதனோடு சேர்ந்து சரிந்தது. மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இதை முதல் பக்கச் செய்தியாகப் போட்டது.

இத்தனைக்கும் அந்தப் படத்தில் கதாநாயகன் இல்லை, வில்லன் இல்லை, கதையே இல்லை! வெனிஸ் நகரத்துப் படகுகள், மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் ஒரு இசை நாடகம், நயாகரா அருவி, ஃபுளோரிடாவில் தண்ணீரில் சறுக்கும் பெண்கள், கடைசியில் விமானத்திலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரு சுற்று. அவ்வளவுதான். அந்த ஒரு படம் நியூயார்க்கில் மட்டும் இரண்டு வருடங்களுக்கு மேல் ஓடியது.

"டெக்னிக்கலாகப் பிரமாதம், ஆனால் கதை இல்லை." பிரம்மாண்டமான படம் எது வந்தாலும் இந்த வாக்கியம் கூடவே வந்துவிடுகிறது. ஒரு கட்சி, சினிமா என்பதே காட்சி ஊடகம், கதை வேண்டுமென்றால் நாவல் படியுங்கள் என்கிறது. இன்னொரு கட்சி, கதையில்லாத காட்சி வெறும் வாணவேடிக்கை என்கிறது. இந்தச் சண்டைக்கு ஒரு நல்ல பரிசோதனைக் கூடம் சினெராமாவின் வரலாறு. ஏனென்றால் அங்கே தொழில்நுட்பம் முதலில் வந்தது, கதை பத்து வருடம் கழித்துத்தான் வந்தது.

சுடப் பழக்கிய இயந்திரம்

சினெராமாவைக் கண்டுபிடித்தவர் ஃப்ரெட் வாலர். பாரமவுண்ட் நிறுவனத்தில் தந்திரக் காட்சிப் பிரிவில் வேலை பார்த்தவர். தண்ணீர் சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவரே. (முதல் படத்தில் அந்தச் சறுக்கல் காட்சி இருப்பது பொருத்தம்தான்!) இவருடைய மண்டையைக் குடைந்த கேள்வி எளிமையானது. ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பதற்கும், அந்த அறையின் படத்தைப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?

வாலர் கண்டுபிடித்த பதில், கடைக்கண் பார்வை. மனிதன் நேராகப் பார்ப்பது கொஞ்சம்தான். இடமும் வலமும் மங்கலாகத் தெரிவதை வைத்துத்தான் தான் ஒரு இடத்துக்குள் இருக்கிறோம் என்றும், நகர்கிறோம் என்றும் உடம்பு உணர்கிறது. சாதாரணத் திரை அந்தக் கடைக்கண்ணை இருட்டில் விட்டுவிடுகிறது. அதையும் படத்தால் நிரப்பிவிட்டால் மூளை ஏமாந்துவிடும்.

1930களின் இறுதியில் பதினொரு புரொஜெக்டர்களை வைத்து 'விட்டராமா' என்ற ஒன்றைச் செய்து பார்த்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதையே சுருக்கி, ஐந்து புரொஜெக்டர்களும் கோள வடிவத் திரையும் கொண்ட ஒரு பயிற்சிக் கருவியாக மாற்றினார். விமானத்தில் துப்பாக்கி பிடிக்கும் வீரர்கள், திரையில் பாய்ந்து வரும் எதிரி விமானங்களைச் சுட்டுப் பழகினார்கள்.

இந்த இடம் முக்கியம். சினெராமாவின் தாய்வீடு நாடக மேடை அல்ல, ராணுவப் பயிற்சிக் கூடம். அங்கே பார்ப்பவன்தான் எல்லாம். திரையில் யாருடைய மனசும் புரிய வேண்டிய தேவை இல்லை. விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும்.

போர் முடிந்தபின் வாலர் ஐந்தை மூன்றாகக் குறைத்தார். ஒரே பெட்டிக்குள் மூன்று கேமராக்கள், ஒவ்வொன்றிலும் 27 மி.மீ. லென்ஸ், மூன்று தனித்தனிப் படச்சுருள்கள். மூன்றும் சேர்ந்து 146 டிகிரி அகலத்தை விழுங்கின. தியேட்டரிலும் மூன்று புரொஜெக்டர் அறைகள். வழக்கமான 24க்குப் பதில் நொடிக்கு 26 ஃப்ரேம்கள். ஒலிக்கு என்று ஹசார்ட் ரீவ்ஸ் உருவாக்கிய ஏழு தடக் காந்த ஒலி. வளைந்த திரையின் ஒரு ஓரத்து வெளிச்சம் மறு ஓரத்தில் பட்டு வெளிறிவிடாமல் இருக்க, திரையையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் பட்டைகளாக அடுக்கினார்கள். மூன்று படங்களும் சந்திக்கும் இரண்டு இடங்களில் மட்டும் கோடு லேசாகத் தெரிந்தது. என்ன செய்தும் அது முழுசாக மறையவில்லை.

இந்தச் சாதனைக்காக வாலருக்கு 1954இல் ஆஸ்கார் தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள். அதே வருடம் மே மாதம் அவர் இறந்துபோனார். தன் இயந்திரத்தில் அவர் பார்த்தது அந்த ஒரு படத்தைத்தான்.

தோற்கடித்தவர்கள் யார்?

சினெராமாவை ஹாலிவுட் அப்படி வரவேற்றதற்குக் காரணம் தொலைக்காட்சி. 1946இல் அமெரிக்காவில் வாரத்துக்குச் சுமார் 9 கோடி டிக்கெட்டுகள் விற்றன என்பார்கள். 1953 வாக்கில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வீட்டில் இலவசமாகக் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தால்தான் ஜனங்கள் தியேட்டருக்கு வருவார்கள் என்ற நிலை. சினெராமா அதைக் கொடுத்தது.

ஆனால் அடுத்தடுத்து வந்தவை எல்லாமே பயணப் படங்கள். 1955இல் 'சினெராமா ஹாலிடே', 1956இல் 'செவன் ஒண்டர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்', 1957இல் 'சர்ச் ஃபார் பாரடைஸ்', 1958இல் 'சவுத் சீஸ் அட்வென்ச்சர்'. 1956 படத்தில் நம் டார்ஜிலிங் மலை ரயில்கூட உண்டு. பிரேக் பிடிக்காமல் மலையிறங்கி ஓடுவதுபோல் எடுத்திருந்தார்கள். அதாவது, மறுபடியும் ஒரு ரோலர் கோஸ்டர்! முதல் தடவை வயிற்றைப் பிசைந்தது ஐந்தாவது தடவை பிசையவில்லை. புதுமை என்பது ஒருமுறைதான் விற்கும் சரக்கு.

இதற்கிடையே 1953 செப்டம்பரில் 'தி ரோப்' படத்தோடு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கிரெத்தியான் கண்டுபிடித்த லென்ஸ், அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நசுக்கி ஒரே 35 மி.மீ. சுருளில் பதிவுசெய்யும். புரொஜெக்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். 1955இல் 'ஓக்லஹோமா!' படத்தோடு டாட்-ஏஓ என்ற 70 மி.மீ. முறை வந்தது. இதை உருவாக்கவைத்த மைக் டாட் வேறு யாருமல்ல, சினெராமாவின் ஆரம்பகாலப் பங்காளி. மூன்று புரொஜெக்டர் செய்வதை ஒரே புரொஜெக்டர் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

உள்ளே இழுக்கும் சக்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் சினிமாஸ்கோப் சினெராமாவுக்குப் பக்கத்திலேயே வர முடியாது. ஆனாலும் உலகம் முழுக்கப் பரவியது சினிமாஸ்கோப்தான். தமிழில் 1973இல் 'ராஜராஜ சோழன்' சினிமாஸ்கோப்பில் வந்தது. 1986இல் 'மாவீரன்' 70 எம்.எம். என்று விளம்பரத்தோடு வந்தது. சினெராமாவோ அதற்கென்றே இடித்துக் கட்டிய சில பெருநகரத் தியேட்டர்களைத் தாண்டவில்லை. செலவு ஒரு காரணம். மூன்று அறை, மூன்று ஆபரேட்டர்கள், ஒரு சுருள் அறுந்தால் மற்ற இரண்டும் நிற்க வேண்டும். செலவைத் தாண்டி இன்னொரு காரணமும் இருந்தது. சினிமாஸ்கோப்பில் ஒருவன் அழுவதைக் காட்ட முடியும்.

முகம் எங்கே?

கடைசியில் சினெராமாவும் எம்.ஜி.எம். நிறுவனமும் கைகோத்துக் கதைப் படம் எடுக்க இறங்கின. 1962இல் இரண்டு படங்கள் வந்தன. 'தி ஒண்டர்ஃபுல் வேர்ல்ட் ஆஃப் தி பிரதர்ஸ் கிரிம்' ஒன்று. மற்றொன்று புகழ்பெற்ற 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்'. மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் சில தலைமுறைக் கதை. ஜான் ஃபோர்டு, ஹென்றி ஹாத்தவே, ஜார்ஜ் மார்ஷல் என்று மூன்று இயக்குனர்கள். நடிகர்கள் பட்டியலோ ஒரு முழப் பட்டியல்!

படப்பிடிப்புத் தளத்தில்தான் இயந்திரத்தின் உண்மையான குணம் தெரிந்தது. லென்ஸை மாற்ற முடியாது. எனவே ஒரு நடிகரின் முகத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால், அந்தப் பெரிய பெட்டியையே அவர் மூக்குக்குக் கொஞ்ச தூரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்போதும் முகம் ஒரு திரைப் பகுதிக்குள் இருக்கும், மற்ற இரண்டு பகுதிகளிலும் சம்பந்தமில்லாத மரமும் வானமும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இருவர் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் இடது பகுதியில், மற்றவர் வலது பகுதியில். இயல்பாக அவர் கண்ணை இவர் பார்த்துப் பேசினால், வளைந்த திரையில் இருவரும் வேறெங்கோ பார்ப்பது போலத் தெரிந்தது. அதனால் எதிரில் நிற்பவரை விட்டுவிட்டு வெற்றிடத்தைப் பார்த்து வசனம் பேசவேண்டியதாயிற்று. நடிப்பு என்பதே எதிராளியின் கண்ணிலிருந்து வாங்கிக்கொள்வது என்றால், இந்த இயந்திரம் கைவைத்தது அந்த அடிமடியில்தான். 146 டிகிரி பார்வைக்குள் விளக்கையும் ஆட்களையும் எங்கே ஒளிப்பது என்பது தனித் தலைவலி. சில காட்சிகளை ஒற்றைச் சுருள் 65 மி.மீ. கேமராவில் எடுத்துப் பிறகு மூன்றாகப் பிரித்தார்கள். ரயில் சண்டைக் காட்சியில் மரக்கட்டைகள் உருண்டு ஒரு சண்டைக் கலைஞர் தன் காலையே இழந்தார். பிரம்மாண்டத்துக்கு யாரோ ஒருவர் உடம்பால் விலை கொடுக்கிறார் என்பது இன்றைக்கும் மாறாத கதை.

படம் பெரிய வெற்றி. அதற்குக் கிடைத்த மூன்று ஆஸ்கார்களில் ஒன்று கதை-திரைக்கதைக்கு! ஆற்று வெள்ளம், எருமைக் கூட்டப் பாய்ச்சல், ரயில் சண்டை எல்லாம் அதில் உண்டு. ஆனால் விமர்சகர்கள் அதிகம் பாராட்டியது ஜான் ஃபோர்டு எடுத்த சின்னப் பகுதியை. உள்நாட்டுப் போருக்குப் போகும் மகனை அம்மா வழியனுப்புகிறாள். போர் முடிந்து அவன் வீடு திரும்பும்போது அவள் இல்லை, கல்லறைதான் இருக்கிறது. ஃபோர்டு அங்கே கேமராவை ஓடவிடவில்லை. அசையாமல் நிறுத்திவிட்டு, அந்தப் பெரிய வெளியில் மனிதர்களைச் சின்னதாக நடக்கவிட்டார். முகத்துக்கு அருகில் போகமுடியாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தூரத்தையே துக்கமாக மாற்றத் தெரிந்தது அவருக்கு.

ஆனால் ஒரு ஃபோர்டு செய்தது எல்லாருக்கும் கைவரவில்லை. அந்த இரண்டு படங்களுக்குப் பிறகு மூன்று சுருள் சினெராமாவில் இன்னொரு கதைப் படம் வரவே இல்லை. 1963 நவம்பரில் ஹாலிவுட்டில் கவிழ்த்த கிண்ணம் போலக் கட்டிய சினெராமா டோம் தியேட்டர் திறந்தது. முதல் படம் 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்'. சினெராமா என்ற பெயர் இருந்தது, வளைந்த திரை இருந்தது. ஓடியதோ ஒற்றைச் சுருள் 70 மி.மீ.!

இரண்டு ரோலர் கோஸ்டர்கள்

இந்த ஒற்றைச் சுருள் சினெராமாவில்தான் 1968 ஏப்ரலில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வந்தது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'டு தி மூன் அண்ட் பியாண்ட்' என்ற சினெராமா குறும்படத்தைப் பார்த்துவிட்டு அதைச் செய்தவர்களைத் தேடிப் பிடித்தார் குப்ரிக். அவர்களில் ஒருவர் டக்ளஸ் டிரம்பல் என்ற இருபதுகளில் இருந்த இளைஞர். விண்கலத்தின் உட்புறத்துக்காக 30 டன் எடையுள்ள சுழலும் சக்கரம் ஒன்றையே கட்டினார்கள். வசனம்? முதல் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஆரம்பக் காட்சிகளில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். குப்ரிக் 19 நிமிடத்தை வெட்டினார்.

"கதை இல்லை" என்று அன்று இதற்கும் சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டு சரியா என்று பார்க்க, கடைசிப் பகுதியை 1952இன் ரோலர் கோஸ்டரோடு ஒப்பிடலாம். விண்வெளி வீரன் போமன் ஒளிச் சுரங்கத்துக்குள் பாய்கிறான். 'ஸ்லிட்-ஸ்கேன்' என்ற முறையில் டிரம்பல் செய்தது. மெல்லிய பிளவு வழியாக, கேமராவை நகர்த்திக்கொண்டே, ஒவ்வொரு ஃப்ரேமையும் நீண்ட நேரம் ஒளிபடச் செய்வது. திரையின் இரு ஓரங்களிலும் வண்ணங்கள் பார்வையாளனைத் தாண்டி ஓடுகின்றன. கடைக்கண்ணை நிரப்ப வேண்டும் என்ற வாலரின் கணக்கு அப்படியே இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இதுவும் ஒரு ரோலர் கோஸ்டர்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். குப்ரிக் நடுநடுவே வெட்டிக் காட்டுவது போமனின் முகத்தை. அச்சத்தில் உறைந்த முகம், பிறகு திரை நிறைக்க ஒரு கண். 1952இல் பயப்பட்டது பார்வையாளன் மட்டும். 1968இல் பயப்படுவது இன்னொரு மனிதன், பார்வையாளன் அவனோடு சேர்ந்து பயப்படுகிறான், அவனுக்கு என்ன ஆகுமோ என்று கேட்கிறான். அந்தக் கேள்வி பிறந்த நொடியில் கதை பிறந்துவிட்டது. அதற்கு வசனம் தேவைப்படவில்லை. மூன்று கேமராப் பெட்டியால் நெருங்கமுடியாத அந்தக் கண்ணை ஒற்றை லென்ஸ் நெருங்கியது, அவ்வளவுதான்.

டிரம்பலின் பிற்கால வாழ்க்கையும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. 70 மி.மீ. சுருளை நொடிக்கு 60 ஃப்ரேம் ஓட்டும் 'ஷோஸ்கேன்' முறையை உருவாக்கினார். 'பிரெய்ன்ஸ்டார்ம்' படத்தை அதில் எடுக்க ஆசைப்பட்டார். நடக்கவில்லை. 1983இல் வெளிவந்த அந்தப் படம் சாதாரண வேகத்தில்தான் ஓடியது. பிறகு அவர் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பக்கம் போனார். 1991இல் ஃபுளோரிடாவில் திறந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' சவாரியின் படம் அவர் இயக்கியது. பார்வையாளர்கள் ஆடும் வண்டியில் உட்கார்ந்து வளைந்த திரைக்குள் பாய்ந்தார்கள். ராக்கவே பூங்காவிலிருந்து தியேட்டருக்கு வந்த ரோலர் கோஸ்டர் நாற்பது வருடம் கழித்துப் பூங்காவுக்கே திரும்பிவிட்டது. அது தோல்வி அல்ல. சவாரிக்கு அதுதான் சரியான வீடு.

பின்னால் வந்தவர்கள்

இந்தப் பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்களா? சிலர் நன்றாகவே. 2009இல் வந்த 'அவதார்' படத்துக்காக ஜேம்ஸ் கேமரூன் செய்தவற்றில் பண்டோரா காட்டையும் முப்பரிமாணத்தையும்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் நடிகர்களின் தலையில் மாட்டிய சின்னக் கேமராவைக் கவனிக்க வேண்டும். அதன் ஒரே வேலை நடிகரின் முகத்தைப் படம்பிடிப்பது. உதடும் கண்ணும் அசைவதைக் கொண்டுபோய் நீல நிற முகத்தில் சேர்ப்பது. கதை பழசு என்று குறை சொன்னவர்கள்கூட அந்த முகங்களை நம்பினார்கள்.

2013இல் அல்ஃபோன்ஸோ குவாரோனின் 'கிராவிட்டி' இன்னும் ஒரு படி மேலே. விண்வெளியில் மிதக்கும் பல காட்சிகளில் பூமி, விண்கலம், விண்வெளி உடை எல்லாம் கணினியில் உருவானவை. நிஜமாகப் படம்பிடித்தது நடிகர்களின் முகத்தைத்தான். பூமியின் வெளிச்சம் அந்த முகத்தில் எப்படி விழும் என்பதற்காக, எல்.ஈ.டி. விளக்குகளால் ஆன ஒரு பெட்டிக்குள் நடிகையை வைத்து எடுத்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு பெண் பிழைத்திருக்க விரும்புகிறாளா என்பதுதான் படத்தின் கேள்வி. அத்தனை இயந்திரங்களும் அந்தக் கேள்விக்காகவே வேலை பார்த்தன.

வாலரின் இயந்திரம் மட்டம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 'திஸ் இஸ் சினெராமா' பொய் சொல்லாத படம். இடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றது, நிறுத்தியது. 2012இல் அதைச் செப்பனிட்டு, அறுபதாம் ஆண்டு நிறைவுக்குச் சினெராமா டோமிலேயே திரையிட்டபோதும் ரசிக்க ஆட்கள் வந்தார்கள். அந்த டோம் 2020இல், கொரோனாக் காலத்தில் கதவை மூடியது.

தொழில்நுட்பமா, கதையா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கிவிடலாம். சினெராமாவின் வரலாறு கேட்பது வேறு கேள்வி. ஒரு புதுக் கருவி வரும்போது, அது எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதோடு, எவ்வளவு அருகில் போகமுடிகிறது என்றும் பார்க்க வேண்டும். உலகையே சுற்றிக்காட்டிய மூன்று கேமராக்களால் கடக்க முடியாமல் போனது, ஒரு மனித முகத்துக்கு முன்னால் இருக்கும் ஓரிரு அடித் தூரத்தைத்தான்.